மாஸ்டருக்கு நெஞ்சு தாங்கும்

போன வாரம் பயிற்சி மைதானத்தில், அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்ட டிரைவிங் மாஸ்டரை அப்படியே விட்டுவிட்டு வந்தோம். பதறிப்போய்க் கடிதம் எழுதியவர்களுக்கு முதல் காரியமாகச் சொல்லிவிடுகிறேன்: ஆள் நன்றாக இருக்கிறார். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறார். கத்துகிறார்.

வந்தது குடலிறக்கம். தொடை இடுக்கில் பிதுங்கி நின்ற குடல், ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துக் கொஞ்ச நேரத்தில் உள்ளே போய்விட்டது.

"இந்தத் தடவை தப்பிச்சீங்க," என்றார் அறுவை சிகிச்சை டாக்டர். "அடுத்த தடவை மாட்டிக்கிட்டா நேரம் காலம் பார்க்காம அவசரமா அறுக்கணும். அது நல்லதில்லை. இப்பவே நிதானமா பண்ணிடலாம்."

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது மாஸ்டரின் மனைவி, தெருவே மாஸ்டரம்மா என்று கூப்பிடும் அந்தம்மாள், வாயைத் திறந்தாள்.

"டாக்டர், இவருக்கு ஹார்ட் வீக்."

அவ்வளவுதான். டாக்டர் பேனாவை மூடிவிட்டார். "அப்போ முதல்ல இதய டாக்டர் பார்த்து, மயக்க மருந்து குடுக்கலாமா, ஆபரேஷனைத் தாங்குவாரான்னு சொல்லட்டும். அப்புறம் நான் தேதி குடுக்கறேன்."

அந்த 'ஹார்ட் வீக்'குக்கு வயது ஒன்பது. ஒரு கோடை மதியம் மாஸ்டர் மைதானத்தில் மயங்கி விழுந்தார். தூக்கிக்கொண்டு போன இடத்தில் இருந்த இளம் டாக்டர், "எதுக்கும் ஒரு தடவை ஹார்ட்டைக் காட்டிடுங்க," என்றார். இவர்கள் காட்டவில்லை. காட்டினால் ஏதாவது இருந்துவிடுமோ என்று பயம். காட்டாமலே இருக்க இருக்க, 'எதுக்கும்' என்ற வார்த்தை உதிர்ந்துபோய் 'ஹார்ட் வீக்' என்று நிலைத்துவிட்டது.

அன்றிலிருந்து அந்த வீட்டில் கெட்ட செய்தி செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடக்கும். தொலைபேசியில் யாராவது அழுதால் மாஸ்டரம்மா சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவாள். "அப்பாகிட்ட சொல்லாதே, நெஞ்சு தாங்காது," என்பதைப் மகள், அவளுக்கு இளையவனான சின்னவன் என்று பிள்ளைகள் இரண்டு பேரும் பாடம் மாதிரி கற்றுவைத்திருந்தார்கள்.

மாஸ்டருக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. பிடிக்காத பேச்சு வந்தால் இடது பக்கம் கையை வைத்து, "வேணாம்மா, என் நெஞ்சு தாங்காது," என்பார். பேச்சு அங்கேயே நின்றுவிடும். அவள் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டபோதும் இதேதான் நடந்தது. ஊருக்கெல்லாம் ஸ்டியரிங்கைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர், கட்டிய மனைவிக்கு மட்டும் சாவியைக் காட்டவில்லை.

ஆக, இன்று காலை இதய டாக்டரின் அறை. மாஸ்டரே காரை ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். கூடவே மாஸ்டரம்மாவும், பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் மகளும்.

டாக்டர் நடுத்தர வயதுப் பெண்மணி. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நிமிர்ந்தார்.

"நிக்காம ரெண்டு மாடி ஏறுவீங்களா சார்?"

"நாங்க ஏற விடமாட்டோம் டாக்டர்," என்றாள் மாஸ்டரம்மா.

"ராத்திரி மல்லாந்து படுத்தா மூச்சு முட்டுதா?"

"அதுக்குத்தான் ரெண்டு தலையணை வெச்சிருக்கேன்."

"ரெண்டு வேணுமா சார் உங்களுக்கு?"

மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஒண்ணே அதிகம் டாக்டர். இவ தூங்கினதும் ரெண்டாவதைக் கீழே தள்ளிடுவேன்."

"கீழே தள்ளுவீங்களா? நான் அது தானா விழுதுன்னு நினைச்சேன்!"

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"அம்மா," என்றார் டாக்டர், "உங்க வீட்டுக்காரரைக் கொஞ்ச நேரம் எனக்கு விட்டுக்குடுங்க. பதில் அவர் சொல்லட்டும்."

மாஸ்டரம்மா கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உதட்டை மடித்தாள்.

சர்க்கரை இல்லை. பக்கவாதம் வந்ததில்லை. கால் வீங்குவதில்லை. ரத்தக் கொதிப்புக்குத் தினம் ஒரு மாத்திரை. சிறுநீரகம் நன்றாக இருக்கிறதென்று நேற்று எடுத்த ரத்தப் பரிசோதனை சொன்னது. டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார்.

"அன்னிக்கு மயங்கி விழுந்தீங்களே, அதுக்கு முன்னாடி என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணுமில்ல. லைசென்ஸ் டெஸ்ட் நாள். காலையிலேருந்து வெயில்ல நின்னது நின்னபடி."

"விழறதுக்கு முன்னாடி?"

"வேர்த்துக் கொட்டிச்சு. கண்ணை இருட்டிக்கிட்டு வந்துச்சு. முகத்துல தண்ணி தெளிச்சதும் எழுந்துட்டேன்."

"அதுக்கப்புறம் எப்பவாவது?"

"கிடையாது."

"சரி. தினமும் உடம்பை வருத்தி என்ன வேலை செய்றீங்க?"

"என்ன வேலை டாக்டர்? பக்கத்து சீட்டுல உக்காந்து பிரேக்கை மிதிக்கிற வேலை."

"நடக்கறது, தூக்கறது, தள்ளறது?"

மாஸ்டர் மனைவியைப் பார்த்தார். பிறகு மின்விசிறியைப் பார்த்தார்.

"நம்ம பயிற்சி வண்டி பழசு டாக்டர். கத்துக்கறவங்க டக்குனு கிளச்சை விட்டு ஆஃப் பண்ணிடுவாங்க. சில நேரம் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. இறங்கித் தள்ளணும்."

"யார் தள்ளுவாங்க?"

"நான்தான்."

"எவ்வளவு தூரம்?"

"மைதானத்துல பாதி. மேடா இருந்தா முழுசும்."

"தள்ளும்போது நெஞ்சுல வலி, இறுக்கம், தலைசுத்தல் ஏதாவது?"

"இல்லை டாக்டர். கோபம்தான் வரும்."

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். "குடலிறக்கம் எங்கேருந்து வந்துதுன்னு தெரிஞ்சுபோச்சு!"

மாஸ்டரம்மா சிரிக்கவில்லை. "கடையிலேருந்து காய்கறிப் பையைக்கூட நான் தூக்கவிடலையே! காரையா தள்ளிக்கிட்டிருந்தீங்க?"

"அது தொழில். தொழிலையும் இதையும் ஒண்ணாப் பார்க்காதே."

டாக்டர் அவரைப் படுக்கவைத்து, ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்தார். நாலைந்து இடங்களில் மாற்றி மாற்றி வைத்துக் கேட்டார். அறையில் ஒரு சத்தமும் இல்லை. மாஸ்டரின் நெஞ்சுக்குள் இருக்கும் சத்தம் தனக்கும் கேட்டுவிடுமோ என்பது போல மாஸ்டரம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்து ஈசிஜி. நெஞ்சில் ஒயர்களை ஒட்டி எடுத்த நீளமான காகிதத்தை டாக்டர் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். மடித்து மேஜைமேல் வைத்தார்.

"இதுல ஒரு குறையும் இல்லை. ஒண்ணே ஒண்ணு பாக்கி. நீங்க ரெண்டு மாடி ஏறிக் காட்டணும். குடலிறக்கத்துக்குப் போட்டிருக்கிற பெல்ட்டை இறுக்கிக்குங்க. நர்ஸ் கூட வருவாங்க. அவசரமே வேண்டாம்."

மாடிப்படி அறையின் பக்கவாட்டில்தான் இருந்தது. அகலமான படிகள், இரும்புக் கைப்பிடி. மேலே ஒரு ஜன்னல் வழியாக வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. நர்ஸ் மாஸ்டரின் விரல்நுனியில் நாடி பார்க்கும் கிளிப்பை மாட்டினாள்.

"போலாம் சார்."

மாஸ்டர் நகரவில்லை.

காரைத் தள்ளும்போது அவர் நெஞ்சை நினைத்ததே கிடையாது. பின்னால் ஹாரன் அடிப்பான், உள்ளே இருக்கிற பெண் அழுவாள். தள்ளித்தான் ஆக வேண்டும். இது அப்படியில்லை. இந்தப் படிக்கு மேலே ஒரு தீர்ப்பு உட்கார்ந்திருந்தது. வீட்டில் எல்லாரையும் பயமுறுத்திப் பயமுறுத்தி, அந்தப் பயம் தனக்குள்ளும் வீடு கட்டிக் குடியிருப்பது அவருக்கு இப்போதுதான் தெரிந்தது.

ஏறினார். முதல் திருப்பத்தில் நின்றுவிட்டார்.

"மூச்சு வாங்குதா சார்?"

"இல்லை."

"வலி?"

"இல்லை."

"பின்ன ஏன் நின்னீங்க?"

கைப்பிடியைப் பிடித்திருந்த மாஸ்டரின் விரல்கள் வெளுத்திருந்தன. பின்னால் வந்த மாஸ்டரம்மா இரண்டு படி ஏறி அவர் தோளோடு தோளாக நின்றாள்.

"காலைப் பார்க்காதீங்க," என்றாள் மெதுவாக. "முன்னாடி பாருங்க. கால் தானா வரும்."

புதிதாக ஸ்டியரிங் பிடிப்பவர்களிடம் அவரே சொல்லும் வார்த்தைகள் அவை. அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு முன்னால் பார்த்தார். ஏறினார்.

இரண்டாம் திருப்பம். மூன்றாம் திருப்பம். இரண்டாவது மாடி வந்ததும் நர்ஸ்தான் சுவரில் சாய்ந்துகொண்டாள். மாஸ்டர் ஜன்னல் வழியாகக் கீழே நிறுத்தியிருந்த கார்களைப் பார்த்து, "அந்த வெள்ளை வண்டியை எவன் நிறுத்தினான்? கோணலா நிக்குது பாரு," என்றார்.

பின்னாலேயே ஏறி வந்த மகளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

கீழே வந்ததும், நர்ஸ் சொன்னதைக் கேட்டுக்கொண்டு டாக்டர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார்.

"நாங்க என்ன பார்ப்போம்னா, பண்ணப்போற ஆபரேஷன் எவ்வளவு பெரிசு, உடம்புல வேற என்ன கோளாறு இருக்கு, ஆளுக்கு எவ்வளவு தெம்பு இருக்கு. ஆபரேஷன் சின்னது. ரத்தக் கொதிப்பு கட்டுக்குள்ள இருக்கு. தெம்பைத்தான் நாமளே பார்த்துட்டோமே. தாராளமா பண்ணலாம்."

"எதுக்கும் ஒரு ஸ்கேன், அந்த ஓடவிட்டுப் பார்க்கிற டெஸ்ட்டு..." என்று இழுத்தாள் மாஸ்டரம்மா.

"அதெல்லாம் சந்தேகம் இருக்கறவங்களுக்கும்மா. இவருக்கு எடுத்தா ஆபரேஷன்தான் தள்ளிப்போகும். குடல் நமக்காகக் காத்துக்கிட்டிருக்காது."

"அப்போ ஆபத்தே இல்லைங்கறீங்களா?"

"அப்படி யாருக்கும் நான் எழுதிக்குடுக்க மாட்டேன். எந்த ஆபரேஷன்லயும் கொஞ்சம் இருக்கும். ஆனா இவருக்கு நெஞ்சால வரக்கூடிய ஆபத்து ரொம்பக் கம்மி. அன்னிக்கு விழுந்தது வெயிலும் வெறும் வயிறும் சேர்ந்து பண்ணின வேலை." டாக்டர் மாஸ்டர் பக்கம் திரும்பினார். "கனம் தூக்கக்கூடாது, காரைத் தள்ளவே கூடாது. மத்தபடி படி ஏறுங்க, வேகமா நடங்க, வீட்ல சண்டை போடுங்க. இந்த நெஞ்சு தாங்கும்."

வெளியே வந்ததும் மாஸ்டரம்மா தாழ்வாரத்து நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து தோளை அணைத்துக்கொண்டாள். மாஸ்டர் என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு பேர் முன்னாலும் நின்றார்.

"நான் நல்லா இருக்கேன்னுதானே சொன்னாங்க? ஏன் அழறீங்க?"

"நல்லா இருக்கீங்கன்னுதான் அழறேன். சும்மா இருங்க."

ஆஸ்பத்திரி கேன்டீனில் மூன்று டீ வந்தது. மாஸ்டர் இரண்டு பிஸ்கட்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து முக்கி எடுத்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பாதி பிஸ்கட் வாயில் இருக்கும்போதுதான் அவருக்கு அது தோன்றியது. மெல்லுவதை நிறுத்தினார்.

"ஆமா... நெஞ்சு தாங்காது, நெஞ்சு தாங்காதுன்னு எங்கிட்ட என்னென்ன மறைச்சீங்க?"

அம்மாவும் மகளும் ஒரே நேரத்தில் டீயைக் குடித்தார்கள்.

"எனக்குத் தெரியும். நான் உள்ளே வந்தா ரெண்டு பேரும் காய்கறி விலை பேச ஆரம்பிப்பீங்க. இன்னிக்கு எல்லாத்தையும் கொட்டுங்க. டாக்டரே தாங்கும்னு சொல்லியாச்சு."

மகள்தான் முதலில் தம்ளரைக் கீழே வைத்தாள்.

"அப்பா, நான் இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலையை விட்டுட்டேன்."

"எப்போ?"

"போன வருஷம்."

மாஸ்டர் ஒரு பழைய சிநேகிதரிடம் நடையாய் நடந்து வாங்கிக்கொடுத்த வேலை அது. அவர் பிஸ்கட்டை விழுங்கினார். "இப்போ என்ன பண்றே?"

"நீச்சல் குளத்துல பொம்பளைங்களுக்கு நீச்சல் சொல்லித்தரேன். தண்ணியைப் பார்த்தாலே நடுங்கறவங்களா வருவாங்கப்பா. ஒரு மாசத்துல குதிக்க வெச்சிடுவேன்."

அம்மா மேஜைக்கு அடியில் மகள் கையைப் பிடித்துக்கொண்டாள். மாஸ்டர் நெற்றியைச் சுருக்கினார்.

"அழுவாங்களா?"

"சில பேர் அழுவாங்க."

"திட்டுவியா?"

"மாட்டேன்."

"திட்டாதே. பயந்தவங்களைத் திட்டினா இன்னும் இறுகிடுவாங்க." ஒரு வாய் டீ குடித்தார். "நம்ம தொழில்தானே அது? தண்ணிக்குள்ள பண்றே, அவ்வளவுதான். இதைப் போய் எங்கிட்ட மறைச்சியா, கழுதை!"

கழுதை என்று அவர் கொஞ்சிப் பல வருஷம் ஆகியிருந்தது. மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள்.

"நீ என்ன மறைச்சே?" என்று மனைவியைக் கேட்டார்.

"அதை வீட்டுக்குப் போகும்போது சொல்றேன். சாவியைக் குடுங்க."

"எந்தச் சாவி?"

"கார் சாவி."

மாஸ்டருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் சட்டைப்பையைக் கையால் பொத்திக்கொண்டார்.

"யார் சொல்லிக்குடுத்தாங்க?"

"எதிர் ரோட்டு ஸ்கூல்ல கத்துக்கிட்டேன்."

"குல்லாக்காரன்கிட்டயா?"

வெயிலோ மழையோ தலையில் குல்லா இல்லாமல் வெளியே வராத அந்த மனிதர், மாஸ்டரிடமே ஓட்டக் கற்றுக்கொண்டு, மாஸ்டருக்கே எதிராக ஸ்கூல் திறந்தவர். அவர் பெயரை வீட்டில் யாரும் எடுப்பதில்லை. நெஞ்சு தாங்காதென்றுதான்.

"ஊர்ல வேற ஆளே கிடைக்கலையா உனக்கு?"

"நீங்க சொல்லிக்குடுத்திருந்தா நான் ஏன் போறேன்?" மாஸ்டரம்மாவின் குரல் உயர்ந்தது. பிறகு தானாகவே இறங்கியது. "அன்னிக்கு, அந்தக் கோடையில, நீங்க மைதானத்துல மயங்கி விழுந்து கிடக்கறீங்க. சாவி வண்டியிலேயே தொங்குது. எனக்கு ஓட்டத் தெரியலை. ரோட்டுல போறவங்க கால்ல விழாத குறையா ஒரு வண்டியை நிறுத்தினேன். இன்னொரு தடவை அப்படி நிக்க என்னால முடியாதுங்க."

டீ ஆறிப்போய் ஆடை படிந்திருந்தது. கடைசியில் மாஸ்டர் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து மேஜைமேல் வைத்து, அவள் பக்கமாக நகர்த்தினார்.

கார் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியது. மாஸ்டர் இடது பக்க சீட்டில், மகள் பின்னால். இது வீட்டு வண்டி. பயிற்சி வண்டி மாதிரி பக்கத்து சீட்டில் பிரேக் கிடையாது. ஆனாலும் மாஸ்டரின் வலது கால் வெறும் தரையை மிதித்துக்கொண்டே வந்தது.

"கண்ணாடி பாரு."

"பார்த்துட்டேன்."

"லாரிக்காரன்..."

"அவன் நின்னுட்டான். நீங்க மிதிச்சதைப் பார்த்து நின்னிருப்பான்."

பின் சீட்டில் மகள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

மேம்பாலத்து ஏற்றத்தில் சிக்னல் விழுந்தது. எல்லாரும் சொதப்பும் இடம். பச்சை விழுந்ததும் மாஸ்டரம்மா ஹேண்ட்பிரேக்கைப் பிடித்தபடி கிளச்சை மெல்ல விட்டு, இன்ஜின் சத்தம் மாறியதும் பிரேக்கை எடுத்தாள். கார் ஒரு அங்குலம்கூடப் பின்னால் உருளவில்லை. மாஸ்டரின் கால் தரையிலிருந்து எழுந்தது. அவருக்கே தெரியாமல் தலை ஆடியது.

"குல்லாக்காரனுக்கு இவ்வளவு நிதானம் கிடையாதே. அவன் வண்டியில ஏறும்போதே கத்துவான்."

"அவர் சொல்லிக்குடுக்கலை. அவர் பொண்ணு. அங்கே பொம்பளைங்களுக்கெல்லாம் அவதான்."

"நல்ல கை அந்தப் பொண்ணுக்கு. நம்ம ஸ்கூலுக்கும் ஒரு லேடி மாஸ்டர் இருந்தா நல்லதுன்னு நானே யோசிச்சுக்கிட்டிருந்தேன். நம்மகிட்ட வேலைக்கு வருவாளான்னு கேட்டுப் பாரேன்."

பின் சீட்டில் சிரிப்பு நின்றது. மாஸ்டரம்மா கண்ணாடியில் மகளைப் பார்த்தாள். மகள் கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தாள்.

"வேலைக்குன்னா வரமாட்டா," என்றாள் மாஸ்டரம்மா.

"பின்ன?"

மாஸ்டரம்மா இண்டிகேட்டரைப் போட்டு, பின்னால் வண்டி வரவில்லையென்று பார்த்து, காரை ஓரம்கட்டினாள். இன்ஜினை அணைத்தாள்.

"நம்ம சின்னவனுக்கும் அந்தப் பொண்ணுக்கும் ரெண்டு வருஷமா பழக்கம். கட்டினா அவளைத்தான்னு சொல்றான். நாளைக்கு ஊரிலேருந்து வரான். ஆபரேஷன் முடிஞ்சதும் உங்ககிட்ட பேசணுமாம்."

மாஸ்டர் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் தாடை மட்டும் இறுகியது. கோபமா, வேறு ஏதாவதா என்று இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளுக்கே பிடிபடவில்லை.

"அப்பா?" என்றாள் மகள்.

மாஸ்டர் சீட் பெல்ட்டைக் கழற்றினார். கதவைத் திறந்து இறங்கினார். வேட்டியைச் சரிசெய்துகொண்டார். திரும்பிப் பார்க்காமல் நடக்கத் தொடங்கினார். வீட்டுப் பக்கம் அல்ல. அடுத்த திருப்பத்தில், மஞ்சள் எழுத்தில் குல்லாக்காரரின் ஸ்கூல் போர்டு தெரிந்தது.

"ஐயோ, அங்கேதான் போறார்! அம்மா, ஓடிப்போய் நிறுத்தும்மா அவரை!"

மாஸ்டரம்மா ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி, எங்கேயும் நிற்காமல், மூச்சு வாங்காமல் தூரமாகப் போய்க்கொண்டிருந்த அந்த முதுகையே பார்த்தாள்.

"எங்கேருந்து நிறுத்தறது? வேகமா நடக்கலாம்னு டாக்டரே சொல்லிட்டாங்களே!"